சோயா மொச்சை வயலில் இரசாயனக் களையெடுப்பு

மத்திய இந்தியாவின் மாளவப் பீடபூமியில் வேளாண்மை செய்வோர், இரண்டு தலைமுறைக்கு முன்னர் வரை, மழைக்காலத்தில் தங்கள் கரிசல் நிலங்களிற் பெரும்பகுதியைத் தரிசாகவே விட்டு வைத்திருந்தனர். ஜூன் பிற்பகுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் நனைந்த கரிசல் மண், ஏரும் மாடும் இறங்க இடங்கொடாது. ஆகவே மழைநீரை மண்ணிலேயே தேக்கி, அவ்வீரத்தைக் கொண்டு குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பதே அங்கு வழக்கமாயிருந்தது. இவ்வாறு வெறுமனே கிடந்த தரிசில் வந்து குடியேறிய பயிரே சோயா மொச்சை.

சோயா நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. குமாயூன் மலைப்பகுதியில் 'பட்' என்னும் பெயரிலும், மத்திய இந்தியாவில் 'காலித்தூர்' என்னும் பெயரிலும் கருநிற விதையுள்ள சோயா நெடுங்காலமாகவே பயிரிடப்பட்டு வந்திருக்கிறது. எனினும், 1960-களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் மஞ்சள் விதை வகைகளைச் சோதித்துப் பார்த்த பின்னரே அது வாணிகப் பயிராக வேரூன்றியது. 1967-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த சோயா ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1987-இல் இந்தூரில் இப்பயிருக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1970-ஆம் ஆண்டளவில் 30,000 ஹெக்டேர் பரப்பில் இருந்த சோயா இன்று 110 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் விளைகிறது. இப்பரப்பில் மிகப் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மூன்று மாநிலங்களைச் சேர்ந்ததாகும். விதையில் ஏறத்தாழ 40 சதவிகிதம் புரதமும் 20 சதவிகிதம் எண்ணெயும் உள்ளன என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

பரப்புப் பெருகிய வேகத்தில் விளைச்சல் பெருகவில்லை. நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டியே பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. அதே நிலங்களில் நடத்தப்பெறும் செயல்விளக்க வயல்களிலோ இதனினும் மிகுதியாக விளைகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. முளைப்புத்திறன் குறைந்த விதை, இடையில் மழை பொய்த்தல், பூச்சிநோய்கள் ஆகியவற்றோடு களையையும் முதல் வரிசையில் வைத்தே எண்ணவேண்டும்.

களைக்கும் பயிருக்கும் இடையிலான ஓட்டம்

சோயா விதை ஈரமண்ணில் நான்கைந்து நாட்களில் முளைத்து வெளிவரும். ஆனால் அதற்கு முன்பே அம்மண்ணில் களைவிதைகள் ஆயிரக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. காட்டுக் குதிரைவாலி, அருகு, கோரை ஆகியன புல்லினத்தையும் கோரையினத்தையும் சேர்ந்தவை. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, கானாவாழை, குப்பைமேனி, கீழாநெல்லி, பால்வடியும் யூஃபோர்பியா இனங்கள், பார்த்தீனியம் ஆகியன அகன்ற இலையுள்ளவை. இவற்றுட் பல நம் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்களிலும் நாம் காண்பவையே. மாளவத்துக் குடியானவர் அவற்றை வேறு பெயர்களால் அழைக்கின்றனர், அவ்வளவே. கோரையை அவர்கள் 'மோத்தா' என்பர். அருகு அவர்களுக்கு 'தூப்'.

குதிரைவாலியும் கோரையும் சூரிய ஒளியைப் பயன்படுத்தும் முறையில் சோளத்தையும் கரும்பையும் ஒத்தவை. வெப்பமும் வெளிச்சமும் மிக்க காலத்தில் அவை சோயாவைக் காட்டிலும் விரைவாக வளரும் ஆற்றலுடையன. கானாவாழையின் தந்திரம் வேறு. அது மண்ணுக்கு மேலே நீலப் பூக்களைப் பூப்பதோடு, மண்ணுக்கடியிலும் பூத்து விதை ஈனுகிறது. கொத்திப் போட்ட தண்டின் ஒரு கணு ஈரமண்ணில் பட்டாலும் வேர்விட்டு விடுகிறது. கோரைக்கிழங்கின் பிடிவாதத்தைப் பற்றி நான் கூறவேண்டுவதில்லை.

விதைத்தபின் ஏறத்தாழ 45 நாட்களில் சோயாவின் இலைகள் வரிசைகளுக்கு இடையிலுள்ள வெளியை மூடிவிடும். அதன்பின் முளைக்கும் களைக்கு வெளிச்சம் கிட்டுவதில்லை. முளைத்தாலும் அது நலிந்தே கிடக்கும். ஆகையால் களையினால் நேரும் நஷ்டம் முதல் ஆறு வாரங்களில் நிச்சயிக்கப்பட்டு விடுகிறது. அதிலும் பதினைந்தாம் நாளுக்கும் நாற்பத்தைந்தாம் நாளுக்கும் இடைப்பட்ட காலமே மிக நெருக்கடியானது. அக்காலத்தில் களையை அறவே எடுக்காது விட்ட வயலில் விளைச்சலில் மூன்றிலொரு பங்கேனும் குறைவது சாதாரணம்; களை அடர்ந்த வயலில் பாதிக்கு மேலும் போய்விடும். இரண்டு மாதங் கழித்துப் பயிருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பண்ணைக்கீரையைக் கண்டு மனம் வருந்தி அதனைப் பிடுங்குவோர், அறுவடையை எளிதாக்கிக் கொள்கின்றனரேயன்றி விளைச்சலைக் காத்தவராகார்.

இந்த ஆறு வாரங்கள் எப்பொழுது வருகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். 100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்து மண் நன்கு நனைந்தபின் ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ விதைப்பு நடைபெறுகிறது. எனவே களையெடுக்கும் பருவம் முழுவதும் ஜூலை, ஆகஸ்ட் மாத அடைமழையில் சிக்கிக்கொள்கிறது. 'டோரா' என்றும் 'குல்பா' என்றும் அழைக்கப்பெறும் மாடு பூட்டிய இடையுழவுக் கருவியை இருபதாம் நாளிலும் நாற்பதாம் நாளிலும் ஓட்டினால் வரிசைகளுக்கு இடையிலுள்ள களை அழிவதோடு மண்ணும் பொலபொலப்பாகும். ஆயின் பத்து நாட்கள் விடாது மழை பெய்தால் கரிசலில் டோரா ஓடாது. கைக்களை எடுப்பவர் காலும் புதையும். வெயில் எறித்து மண் பதத்திற்கு வரும் நாளிலோ ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் ஆள் தேடும். இரசாயனக் களைக்கொல்லி மாளவத்தில் பரவியதற்கு மூலகாரணம் இதுவே.

களைக்கொல்லி பரவியதால் களையெடுக்கும் பெண்களுக்கு மழைக்காலக் கூலி குறைந்துள்ளது என்பதையும் இங்கே குறிப்பிடாதிருத்தல் நேர்மையாகாது. களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருந்து வந்தது. மருந்து தெளித்தபின் தப்பிய களைகளை முப்பதாம் நாளையொட்டி ஒருமுறை கையால் அகற்றுதல் விஞ்ஞான முறையிலும் சிறந்ததே. அவ்வேலையை அப்பெண்களுக்கே கொடுக்குமாறு ஊழியர்கள் எடுத்துரைக்கலாம்.

மண்ணில் இடுவன

1940-களில் 2,4-டி என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பெற்றபோது களைக்கொல்லி விஞ்ஞானம் புதுவழியில் திரும்பிற்று. அது அகன்ற இலைக் களைகளைக் கொன்று புல்லினப் பயிர்களை விட்டுவிடும். ஆகவே கோதுமைக்குப் பெருந்துணையாயிற்று. சோயாவோ தானே அகன்ற இலையுள்ள செடி. அதற்கு 2,4-டி நஞ்சு. சோயாவை விட்டுக் களையை மட்டும் கொல்லும் பொருளைத் தேடவேண்டியதாயிற்று. 1960-களில் அமெரிக்கச் சோயா வயல்களில் ட்ரைஃப்ளூரலின் வழக்குக்கு வந்தது. அதன் பின்னர் வந்தவை பல.

இன்று சோயாவிற்கு வழங்கும் மருந்துகளை இரு வகையாகப் பிரித்தறிதல் போதுமானது: விதைத்தபின் முளைக்குமுன் மண்மீது தெளிப்பன; முளைத்தபின் களையின் இலைமீது தெளிப்பன.

முதல் வகையில் பெண்டிமெத்தலின் பலரும் அறிந்தது. 30 சதவிகிதச் சரக்கானால் ஹெக்டேருக்கு 2.5 முதல் 3.3 லிட்டர் வரை வேண்டும். முளைக்கும் வித்தின் வேர்நுனியிலும் தண்டு நுனியிலும் உயிரணுக்கள் பிரிவதை அது தடுத்து நிறுத்துகிறது. ஆகையால் முளைத்து நிற்கும் களைமேல் அதனைத் தெளிப்பது வீண். விதைத்த மூன்று நாட்களுக்குள், ஈரமுள்ள மண்ணில், கட்டிகளின்றிச் சமப்படுத்திய நிலத்தில் தெளித்தால்தான் அது மெல்லிய போர்வையாகப் படியும். உலர்ந்த மண்ணில் தெளித்தால் வெயிலில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும், ஒளியினாலும் சிதையும். புல்லினக் களைகளையும் சிறுவிதையுள்ள சில கீரையினக் களைகளையும் அது நன்கு அடக்கும். கானாவாழையைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

மெட்டலாக்ளோர், சல்ஃபென்ட்ரசோன், டைக்ளோசுலம் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. டைக்ளோசுலத்தின் அளவைக் கேட்டால் புதிதாகக் கேட்போர் வியப்படைவர். ஒரு ஹெக்டேருக்கு 26 முதல் 30 கிராமே போதும். ஒரு கைப்பிடி உப்பினும் குறைந்த பொருள் இரண்டரை ஏக்கர் நிலத்தைக் காக்கிறது. இச்சிறு அளவே அதன் சிறப்பு. பின்னர் கூறப்போவதுபோல், அதுவே தொல்லையும் ஆகும்.

கரிசல் மண்ணைப் பற்றி ஒரு சொல். அதன் களிமண் நுண்துகள்கள் மருந்தைத் தம்மேல் ஒட்டவைத்துக் கொள்ளும் இயல்புடையன. ஆகவே மணற்பாங்கான நிலத்திற்கு மேற்கூறிய வரம்பில் குறைந்த அளவும், கனத்த கரிசலுக்கு உயர்ந்த அளவும் பொருந்தும். வரம்பைக் கடத்தல் எந்த மண்ணுக்கும் ஆகாது.

பழைய துண்டுப்பிரசுரங்களை இன்னும் பேழையில் வைத்திருக்கும் அலுவலகங்கள் பல உண்டு. அவற்றில் சோயாவிற்கு அலக்ளோர் என்னும் மருந்து பரிந்துரைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மத்திய அரசு 2018-இல் பிறப்பித்த ஆணைப்படி அலக்ளோரின் உபயோகம் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டு விட்டது. ட்ரைஃப்ளூரலினையும் அதே ஆணை கோதுமைக்கு மட்டுமே விட்டு வைத்தது. இத்தகைய பிரசுரங்களைக் குடியானவரிடம் கொடுத்தல் கூடாது.

இலைமீது தெளிப்பன

மண்ணில் இடும் மருந்திற்குரிய மூன்று நாட்களைப் பலர் தவறவிடுகின்றனர். விதைத்த மறுநாளே கனமழை தொடங்கிவிடும். அல்லது விதைப்பு வேலையே முடிந்திராது. அவர்களுக்கு உதவுவது இரண்டாம் வகை. இதற்குரிய காலம் விதைத்த பதினைந்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை. நாட்கணக்கைக் காட்டிலும் களையின் வளர்ச்சியைப் பார்த்தல் நன்று. இரண்டு முதல் நான்கு இலைகள் விட்ட இளங்களை எளிதில் மடியும். முழங்காலளவு வளர்ந்த களை வாடி நின்று மீண்டும் துளிர்க்கும்.

இமாசெத்தாபிர் இவ்வகையில் மிகுதியாக வழங்குவது. 10 சதவிகிதச் சரக்கில் ஹெக்டேருக்கு ஒரு லிட்டர். செடிகள் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும் வேலின், லியூசின், ஐசோலியூசின் என்னும் மூன்று அமினோ அமிலங்களின் உற்பத்தியை அது தடுக்கிறது. உற்பத்தி நின்றவுடன் களையின் வளர்ச்சி நின்றுவிடும். ஆயின் அது பட்டுப்போக இரண்டு, மூன்று வாரங்கள் செல்லும். இதனை அறியாத குடியானவர், ஐந்தாம் நாள் களை பசுமையாக நிற்பதைக் கண்டு, மருந்து போலியென்று எண்ணி மறுமுறையும் தெளித்துவிடுவதுண்டு. மனிதனும் கால்நடையும் அம்மூன்று அமிலங்களையும் உணவிலிருந்தே பெறுகின்றனர். அவற்றைத் தயாரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. சோயாச் செடியில் அந்நொதி இருந்தும் அது பிழைப்பது எங்ஙனம்? உள்ளே புகுந்த மருந்தை விரைவாகச் சிதைத்துவிடும் திறன் அதற்கு இயல்பாக அமைந்துள்ளது. சில நாட்கள் இலை சற்றே வெளிறிப் பின்னர் தேறிவிடும். வறட்சியிலோ நீர்தேங்கியோ நலிந்த பயிருக்கு இச்சிதைக்கும் திறன் குறைகிறது; ஆகவே அத்தகைய பயிர்மேல் தெளித்தலைத் தள்ளிப்போட வேண்டும்.

குளோரிமியூரான் எத்தில் என்பதும் அதே நொதியைத் தாக்குவது. 25 சதவிகிதத் தூள் ஹெக்டேருக்கு 36 கிராம். அகன்ற இலைக் களைகளுக்கு இது ஏற்றது.

க்விசலோஃபாப், ப்ரோபாக்விசஃபாப், ஃபெனாக்சாப்ராப் ஆகியன புல்லை மட்டும் கொல்வன. புல்லினச் செடிகளில் கொழுப்பு அமிலம் தயாராகத் துணைபுரியும் ஒரு நொதி, அகன்ற இலைச் செடிகளில் உள்ளதினின்றும் அமைப்பில் மாறுபட்டது. இம்மருந்து அம்மாறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்கிறது. தெளித்த ஒரு வாரத்தில் குதிரைவாலியின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் அடி அழுகிக் கையோடு வந்துவிடும். வகுப்பில் மாணவருக்குக் காட்டத் தகுந்த காட்சி இது. கோரை, பார்வைக்குப் புல்போல் இருப்பினும், புல்லன்று. இம்மருந்து அதனை ஒன்றும் செய்வதில்லை.

ஃபோமெசஃபென், அசிஃப்ளூர்ஃபென் என்பன இலையைச் சுட்டுக் கொல்லும் வகை. புல்லுக்குரிய ஒரு மருந்தோடு கலந்தே இவை சோயாவிற்கு விற்பனையாகின்றன. இவற்றைத் தெளித்தபின் சோயா இலையிலும் செம்பு நிறப் புள்ளிகள் தோன்றும். புது இலை சுத்தமாக வருமாயின் கவலைக்கிடமில்லை.

எம்மருந்தாயினும் தெளித்தபின் இரண்டு, மூன்று மணி நேரமேனும் மழையற்றிருத்தல் வேண்டும். ஜூலை மாதத்தில் இதற்கு உறுதி கூற யாராலும் இயலாது. காலை மேகத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழைய அனுபவமும் வானிலை அறிக்கையும் இங்கே ஒன்றுக்கொன்று துணையாகும்.

அளவு, தெளிப்பான், நாசில்

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏற்படும் பிழைகளைக் காட்டிலும் அதனைத் தெளிப்பதில் ஏற்படும் பிழைகளே மிகுதி என்பது என் கருத்து. மருந்துக்கடையில் கேட்டு வந்த "ஒரு டாங்கிக்கு ஒரு மூடி" என்னும் கணக்கு எங்கும் வழங்குகிறது. இக்கணக்கில் நிலத்தின் பரப்பும் இல்லை, நடக்கும் வேகமும் இல்லை.

முதுகில் சுமக்கும் தெளிப்பானுக்கு ஹெக்டேருக்கு 500 லிட்டர் நீர் என்பது பொதுவான பரிந்துரை. ஒருவர் உண்மையில் எவ்வளவு தெளிக்கிறார் என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தை, அதாவது 100 சதுர மீட்டரை, முளையடித்து அளந்து கொள்க. தெளிப்பானில் வெறும் நீரை அளந்து ஊற்றி, தெளிக்கப் போகிறவரையே வழக்கமான நடையில் தெளிக்கச் சொல்லுக. எஞ்சிய நீரை மீண்டும் அளந்து பார்த்தால் செலவானது தெரியும். 5 லிட்டர் செலவாயிருந்தால் ஹெக்டேருக்கு 500 லிட்டர். 4 லிட்டரேயாயின் 400 லிட்டர்.

இனி மருந்தின் கணக்கு. இமாசெத்தாபிர் ஹெக்டேருக்கு ஒரு லிட்டர். 500 லிட்டர் தெளிப்பவருக்கு, 15 லிட்டர் டாங்கி ஒன்றுக்கு 30 மில்லிலிட்டர் மருந்து. 400 லிட்டர் தெளிப்பவர் அதே 30 மில்லிலிட்டரை ஊற்றினால் ஐந்திலொரு பங்கு மருந்து நிலத்திற்குப் போய்ச் சேராது, அவர் 37.5 மில்லிலிட்டர் ஊற்றவேண்டும். மாறாக, மெல்ல நடந்து 650 லிட்டர் தெளிப்பவர் 30 மில்லிலிட்டர் ஊற்றினால் பயிர் அளவுக்கு மீறி மருந்தை ஏற்கும். ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர் எளிதில் போடக்கூடிய கணக்கு இது. ஆசிரியர்கள் இதனை வீட்டுக்கணக்காகக் கொடுத்தால் அது தகப்பனார் காதிலும் விழும்.

மாளவத்தில் நிலத்தைப் 'பிகா' என்னும் அளவால் பேசுவது வழக்கம். பிகாவின் பரப்பு ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. "பிகாவுக்கு எவ்வளவு?" என்று கேட்கும்போது அவ்வூர்ப் பிகா எத்தனை சதுர மீட்டர் என்பதைக் கேட்டறியாமல் விடை கூறலாகாது. ஏக்கர், குழி, மா என்று பலவாறு வழங்கும் நம் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

கிராம் அளவில் வேண்டப்படும் மருந்துகளுக்கு வேறு வழி வேண்டும். டைக்ளோசுலத்தை ஒரு டாங்கிக்கு ஏறக்குறைய முக்கால் கிராம் என்று தராசின்றி எவராலும் அளக்கமுடியாது. ஒரு ஹெக்டேருக்குரிய மருந்து முழுவதையும் ஒரு வாளியில் 10 லிட்டர் நீரில் நன்கு கரைத்து, அக்கரைசலிலிருந்து டாங்கிக்கு 300 மில்லிலிட்டர் வீதம் எடுத்து ஊற்றினால் கணக்குச் சரியாகும். ஏக்கருக்குரிய பொட்டலமாயின் 4 லிட்டர் நீரில் கரைத்து, அதே 300 மில்லிலிட்டர். ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னும் வாளியைக் கலக்கவேண்டும். இல்லையேல் கடைசி டாங்கிகளுக்கே மருந்தெல்லாம் போகும்.

நாசிலைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பூச்சிமருந்துக்கு உபயோகிக்கும் கூம்பு வடிவ நாசில் பனிபோன்ற நுண்துளிகளைச் சிதறும். காற்றில் அவை அடுத்த வயலுக்குப் பறந்து செல்லும். களைக்கொல்லிக்கு விசிறி வடிவமாகவோ தட்டையாகப் பாயும் வெள்ளவடிவமாகவோ தெளிக்கும் நாசிலே உரியது. அடுத்த வயலில் மக்காச்சோளம் இருக்குமானால் இது மிக முக்கியமாகும். க்விசலோஃபாப் போன்ற மருந்துகளுக்கு மக்காச்சோளமும் ஒரு புல்லே. சோயாவுடன் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ ஊடுபயிராக விதைத்தவர் இம்மருந்துகளை அறவே தொடக்கூடாது. சோயாவும் துவரையும் கலந்து விதைத்த வயலுக்கு முளைக்குமுன் இடும் பெண்டிமெத்தலின் பொருத்தமானது.

தெளிப்பவர் பின்னோக்கி நடத்தல், காற்றடிக்கும் திசையறிந்து தெளித்தல், கையுறை, முகமறைப்பு, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்தபின் சோப்பிட்டுக் குளித்தல் ஆகியவற்றை ஊழியர்கள் பலமுறை கூறியிருப்பர். அதிகம் கூறப்படாத ஒன்று, தெளித்த வயலிலிருந்து களையைப் பறித்து மாட்டுக்குப் போடும் வழக்கம். அதனை அந்தப் பருவத்திற்கு நிறுத்தவேண்டும். டப்பியின் மேலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நலம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. பச்சையும் பருகத்தக்கதன்று.

பயிர் கருகும்போது

2025 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டத்தில், களைக்கொல்லி தெளித்த சோயா வயல்களில் களைக்குப் பதிலாகப் பயிரே கருகிவிட்டதென்று விவசாயிகள் முறையிட்டனர். மத்திய வேளாண்மை அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் அவ்வயல்களை நேரில் சென்று பார்த்து விசாரணைக்கு உத்தரவிட்டார். இத்தகைய முறையீடு ஓர் ஊரோடு நிற்பதன்று. ஒரு குடும்பத்தின் மழைக்கால வருமானம் முழுவதும் ஒரு தெளிப்பில் போய்விடக்கூடும். ஆகவே முறையீடு வரும்போது களத்திலுள்ள ஊழியர் என்ன செய்யவேண்டும் என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

கருகிய பயிர் எதனால் கருகிற்று என்பது பார்த்தவுடன் விளங்காது. சரக்கே கலப்படமாயிருக்கலாம், வேறு மருந்து அப்பெயரில் விற்கப்பட்டிருக்கலாம். முந்தைய பருவத்தில் கோதுமைக்கு 2,4-டி தெளித்த தெளிப்பானைக் கழுவாமல் உபயோகித்ததாலும் சோயா இலைகள் சுருங்கித் தண்டு முறுக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மருந்துகளையும் பூச்சிக்கொல்லியையும் உரக்கரைசலையும் ஒரே டாங்கியில் கலந்ததால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆராய்ச்சி நிலையம் ஒத்துவரும் என்று அறிவித்த கலவைகளைத் தவிரப் பிறவற்றைக் கலத்தல் கூடாது. கூலியை மிச்சப்படுத்தும் பொருட்டுச் செய்யும் இக்கலவை, சில வேளைகளில் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று கெடுப்பதிலும் முடிகிறது.

ஊழியர் முதலில் வயலின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். வயல் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் சரக்கையோ அளவையோ ஐயுறலாம். தெளிப்பவர் திரும்பிய ஓரங்களிலும், ஒரே இடத்தை இருமுறை தெளித்த பட்டைகளிலும் மட்டும் கருகியிருந்தால் பிழை கையில் உள்ளது. முதல் டாங்கி தெளித்த மூலையில் மட்டும் கருகியிருந்தால் தெளிப்பானில் ஒட்டியிருந்த பழைய மருந்தை ஐயுறுக. காற்றடித்த பக்கத்தில் கருகல் மிகுந்து போகப்போகக் குறைந்தால் அது அடுத்த வயலிலிருந்து வந்தது. விற்பனைச் சீட்டு, டப்பியின் தொகுதி எண், டப்பியில் எஞ்சிய மருந்து ஆகிய மூன்றும் இன்றி எந்த முறையீடும் நிலைக்காது. சீட்டு வாங்காமல் கடனுக்கு மருந்து வாங்கும் சிறு விவசாயியே இதில் மிகவும் பாதிக்கப்படுகிறான். காலி டப்பியை விதைப்பு முடிந்தவுடன் எறிந்துவிடாமல், அறுவடை வரை பிள்ளைகள் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைக்குமாறு சொல்லுதல் நல்ல யோசனை.

ஒரே மருந்தின் ஆயுள்

ஒரே வகை மருந்தை ஆண்டுதோறும் தெளித்து வந்தால், அம்மருந்துக்கு அடங்காத களைகளே வயலில் பெருகும். புல்மருந்தை மட்டும் நம்பிய வயலில் கானாவாழையும் கோரையும் ஆட்சி செலுத்தும். அதனினும் கொடியது, முன்னர் அடங்கிய களையே அடங்காது போதல். கோடிக்கணக்கான களைச் செடிகளுள் இயல்பாகவே நொதி சற்று மாறுபட்டமைந்த ஒன்றிரண்டு இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றிற்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. சில ஆண்டுகளில் வயல் முழுவதும் அவற்றின் வழித்தோன்றல்களே.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஹரியானாவின் கோதுமை வயல்களில் ஃபாலாரிஸ் மைனர் என்னும் புல், ஆண்டுதோறும் தெளிக்கப்பட்ட ஐசோபுரோட்டுரானுக்கு அடங்காமற் போனது 1990-களின் தொடக்கத்தில் வெளியாயிற்று. அதனால் பயிரைப் பச்சையாகவே மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்களும் உண்டு. பிரேசில் நாட்டுச் சோயா வயல்களில், இமாசெத்தாபிர் தாக்கும் அதே நொதியைத் தாக்கும் மருந்துகளுக்கு ஒரு யூஃபோர்பியா இனம் அடங்காமற் போனதும் அக்காலத்திலேயே. அவ்வினம் மாளவத்து வயல்களில் காணும் பால்செடிகளுக்கு நெருங்கிய உறவு.

இமாசெத்தாபிரை விட்டுக் குளோரிமியூரானுக்கு மாறுதல் மாற்றமாகாது என்பதைக் கவனிக்க. பெயரும் நிறுவனமும் வேறு. தாக்கும் நொதி ஒன்றே. டைக்ளோசுலமும் அதே நொதியைத்தான் தாக்குகிறது. உண்மையான மாற்றம் வேண்டுவோர், ஓராண்டு பெண்டிமெத்தலினும் முப்பதாம் நாளில் டோராவும், மறு ஆண்டு இலைமீது தெளிக்கும் மருந்தும் ஒரு கைக்களையும் என்று வகுத்துக்கொள்ளலாம். முதல் மழைக்கு முளைக்கும் களைகளை விதைப்புக்கு முன்பே ஓர் உழவில் அழித்துவிடுதல் எந்த மருந்துக்கும் ஈடான முறை. அதற்கு நான்கைந்து நாட்கள் பொறுத்திருக்கும் மனம் வேண்டும். நன்கு மக்காத தொழுவுரத்தோடு களைவிதையும் வயலுக்கு வருகிறது என்பதையும் நினைவூட்டுதல் தகும்.

அடுத்த பயிருக்கு மிச்சம்

சோயா 95 நாட்களில் முதிர்ந்து செப்டம்பர் இறுதியில் அறுவடையாகும். அதன்பின் அந்நிலத்தில் கோதுமையோ கடலையோ விதைப்பர். சிலர் கடுகும், பூண்டும், வெங்காயமும், உருளைக்கிழங்கும் பயிரிடுவர். ஜூலையில் இலைமீது தெளித்த மருந்தில் ஒரு பகுதி மண்ணில் விழுந்தே இருக்கும். இமாசெத்தாபிர் மண்ணில் மெல்லவே சிதைவது; ஈரமும் வெப்பமும் குறைந்தால் சிதைவு இன்னும் மந்தமாகும். குளோரிமியூரான் அமிலத்தன்மையுள்ள மண்ணில் விரைவிலும், காரத்தன்மையுள்ள மண்ணில் தாமதமாகவும் சிதையும். மாளவத்துக் கரிசல் பெரும்பாலும் காரத்தன்மையுடையது. கோதுமையும் கடலையும் பரிந்துரைத்த அளவின் எச்சத்தைப் பொதுவாகத் தாங்கிக்கொள்கின்றன. கடுகினமும் காய்கறிகளும் அவ்வளவு தாங்குவதில்லை.

மழை குறைந்த ஆண்டிலும், அளவுக்கு மீறித் தெளித்ததாக ஐயம் எழும் வயலிலும், விதைப்புக்கு முன் மண்ணையே கேட்டுப் பார்க்கலாம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. பள்ளித் தோட்டமே போதும். அறுவடையானவுடன் ஐயத்திற்குரிய வயலில் எட்டுப் பத்து இடங்களிலிருந்து மேல்மண்ணை நான்கு அங்குல ஆழம் வரை எடுத்துக் கலந்து மூன்று தொட்டிகளில் நிரப்புக. மருந்து படாத வரப்போரத்து மண்ணை வேறு மூன்று தொட்டிகளில் நிரப்புக. ஒவ்வொன்றிலும் பத்துக் கடுகு விதைகளை இட்டு, ஒரே அளவாக நீர் ஊற்றி, ஒரே வெயிலில் வைக்கவேண்டும். பதினான்காம் நாள் செடிகளின் எண்ணிக்கை, உயரம், இலைநிறம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி ஒப்பிடுக. ஒரு செடியை மெல்லப் பிடுங்கி வேரையும் பார்க்க. வயல்மண்ணில் வளர்ந்தவை குட்டையாக, குருத்து மஞ்சளித்து, பக்கவேர்கள் கட்டையாக இருப்பின் எச்சம் உள்ளதென்று கொள்ளலாம். அவ்வாண்டு அந்நிலத்தில் கடுகைத் தவிர்த்துக் கோதுமையை விதைப்பதே தக்கது. கடுகையே விதைக்க விரும்புவோர், ஆழ உழுது, ஒரு நீர் பாய்ச்சி, இரு வாரங்கள் கழித்துத் தொட்டிச் சோதனையை மீண்டும் ஒருமுறை நடத்திப் பார்த்தபின் விதைக்கலாம்.